அட்டோர்வாஸ்டாட்டினும் சோராஃபெனிப்பும்: வீட்டுக் கணினியில் செய்த டாக்கிங் பதிவு

என் தந்தைக்கு இதயத் தமனி அடைப்பு நீக்கப்பட்ட நாள் முதல், ஒவ்வோர் இரவும் அவர் ஓர் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். கல்லீரல் புற்றுநோயோடு என் பெரியம்மா வாழ்ந்த கடைசி மாதங்களில், காலையிலும் மாலையிலும் 200 மில்லிகிராம் சோராஃபெனிப் மாத்திரை இரண்டிரண்டாக அவருக்குக் கொடுக்கப்பட்டது. இந்த இரண்டு மூலக்கூறுகளும் உடம்புக்குள் எந்தப் புரதத்தின் எந்தக் குழியில் போய் உட்காருகின்றன, அங்கே அவற்றைப் பிடித்துவைத்திருப்பது எது என்பதை நானே கணினியில் செய்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. சென்ற ஆறு வார மாலை நேரங்களை அதற்கென ஒதுக்கினேன். நிரல் எழுதுவது என் தொழில். மருத்துவமோ வேதியியலோ நான் முறையாகப் படித்தவையல்ல. இங்கே வரும் எந்த எண்ணையும் வைத்து யாரும் தம் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

டாக்கிங் என்பது ஒரு சிறு மூலக்கூறைப் புரதத்தின் குழிக்குள் பல்லாயிரம் விதமாகத் திருப்பியும் மடக்கியும் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, சிறந்த சில நிலைகளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு. நான் பயன்படுத்தியது ஆட்டோடாக் வினா என்ற இலவச நிரல். ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஓலெக் டிராட், ஆர்தர் ஓல்சன் ஆகியோர் உருவாக்கி, அதற்கான கட்டுரையை 2010-இல் வெளியிட்டார்கள். புரதங்களின் படிக அமைப்புகள், அதாவது புரதத்தைப் படிகமாக்கி அதன் அணுக்கள் இருக்கும் இடங்களைக் கண்டு எழுதிய கோப்புகள், புரதத் தரவு வங்கியில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கிய அந்த வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. எட்டு உட்கருக்கள் கொண்ட செயலியும் 16 ஜிபி நினைவகமும் உள்ள சாதாரண மேசைக் கணினியே என்னிடம் இருந்தது. இந்த வேலைக்கு அது போதும்.

புதிய மருந்து எதையும் தேடுவது என் நோக்கமன்று. ஏற்கெனவே படிகத்தில் பார்த்து உறுதி செய்யப்பட்ட ஒரு மருந்தை வெளியே எடுத்துவிட்டு, அதன் இருப்பிடத்தை அறியாதது போல நிரலிடம் கொடுத்து, அது பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மறுபொருத்தல் எனப்படும் இந்தச் சோதனையில், கணினி தரும் நிலைக்கும் படிக நிலைக்கும் உள்ள சராசரி அணு விலகல் 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) இருந்தால் தேர்ச்சி என்பது இத்துறையில் வழக்கம். இதில் தேறாத அமைப்பை வைத்துக்கொண்டு ஆயிரம் மூலக்கூறுகளைப் பொருத்தி வரிசைப்படுத்துவதால் ஒரு பயனும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பின்னால் சொல்லப்போகும் தவறுகள் ஒவ்வொன்றையும் இந்தச் சோதனைதான் பிடித்துக்கொடுத்தது.

இதய மருந்திலிருந்து தொடங்கினேன். கல்லீரல் கொலஸ்டிராலைத் தயாரிக்கும் நீண்ட வேதிப்பாதையில் வேகத்தைத் தீர்மானிக்கும் நொதி எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ். ஸ்டாட்டின்கள் அதன் வினைக்குழியை அடைத்துக்கொள்கின்றன. ஆறு ஸ்டாட்டின்கள் அந்த நொதியில் அமர்ந்திருக்கும் படிக அமைப்புகளை ஈவா இஸ்ட்வானும் யோஹான் டைசன்ஹோஃபரும் 2001-இல் வெளியிட்டார்கள்; அவற்றுள் அட்டோர்வாஸ்டாட்டினுக்கு உரியதன் வங்கிக் குறியீடு 1எச்டபிள்யூகே. கோப்பைத் திறந்தபோது ஏ, பி, சி, டி என நான்கு சங்கிலிகள் (அமினோ அமிலத் தொடர்கள்) இருந்தன. நான்கும் ஒரே புரதத்தின் பிரதிகள் என்பதால், கணக்கு விரைவாக முடியட்டும் என்று ஏ சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் நீக்கினேன். பயிற்சிப் பாடங்கள் பலவற்றில் இதுவே முதல் படியாகச் சொல்லப்படுகிறது.

முடிவு மோசமாக இருந்தது. நிரல் தந்த ஒன்பது நிலைகளில் ஒன்றுகூடப் படிக நிலைக்கு அருகில் வரவில்லை. தேடலின் தீவிரத்தைக் கூட்டினேன். மருந்தை எங்கே வைத்துப் பார்க்கலாம் என்று எல்லை காட்டும் தேடல் பெட்டியைச் சற்று நகர்த்தினேன். ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள்தான் அசல் கோப்பைப் பைமால் என்ற, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் நிரலில் திறந்து, நான்கு சங்கிலிகளுக்கும் நான்கு நிறம் கொடுத்து, மருந்தைச் சுற்றி 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கும் அமினோ அமிலங்களை மட்டும் காட்டச் சொன்னேன். மருந்தின் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் நீலமும் தெரிந்தன. இந்த நொதியின் வினைக்குழி ஒரு சங்கிலிக்குள் இல்லை. இரண்டு சங்கிலிகள் சந்திக்கும் இடைவெளியில் இருக்கிறது. ஒரு சங்கிலியை நீக்கியபோது குழியின் ஒரு சுவரையே நான் இடித்துவிட்டிருந்தேன். சுவரில்லாத இடத்தில் மருந்து வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்ததில் வியப்பில்லை. அந்தக் குழியைச் சேர்ந்து உருவாக்கும் இரண்டு சங்கிலிகளையும் வைத்துக்கொண்டு மீண்டும் ஓட்டிய பிறகே, மருந்து உள்ளே திரும்பி நிற்கத் தொடங்கியது.

அடுத்த சிக்கல் மருந்தின் பக்கம் இருந்தது. படிகத்திலிருந்து எடுத்த அதே வடிவத்தை அப்படியே பொருத்தக் கொடுத்தால், பிணைப்பு நீளங்களும் கோணங்களும் ஏற்கெனவே அந்தக் குழிக்கு ஏற்றபடி இருப்பதால் சோதனை தன்னறியாமல் எளிதாகிவிடும். ஆகவே மூலக்கூறை அதன் எழுத்துவடிவக் குறியீட்டிலிருந்து ஆர்டிகிட் என்ற வேதியியல் நிரல் கொண்டு புதிதாக முப்பரிமாணத்தில் கட்டினேன். அப்போது கவனிக்க வேண்டியவை இரண்டு இருந்தன. அட்டோர்வாஸ்டாட்டினின் பக்கச் சங்கிலியில் ஹைட்ராக்சில் தாங்கிய இரண்டு கார்பன்களும் சரியான இடவல அமைப்பில் இருக்க வேண்டும். குறியீட்டில் ஒரு சிறு அடையாளம் விடுபட்டாலும், நிரல் கேள்வி கேட்காமல் வேறொரு மூலக்கூறைக் கட்டிக் கொடுத்துவிடும். அடுத்து, இரத்தத்தின் கார அமில நிலையில் அதன் கார்பாக்சிலிக் அமில முனை ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். அதை அப்படியே தயாரிக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்காகச் சிம்வாஸ்டாட்டினையும் பொருத்திப் பார்த்தபோது இதே வகையில் வேறொரு தவறு நேர்ந்தது. மாத்திரையில் இருக்கும் சிம்வாஸ்டாட்டின் ஒரு மூடிய லாக்டோன் வளையம். உடம்புக்குள் போய் அந்த வளையம் திறந்து அமிலமாக மாறிய பிறகே அது நொதியைத் தடுக்கும். இணையத் தரவுத்தளத்திலிருந்து நான் இறக்கிய வடிவம் மூடிய வளையம். அதற்கும் வினா நல்ல மதிப்பெண்ணே கொடுத்தது. நொதியைத் தடுக்க முடியாத வடிவத்துக்கும் உண்மையான மருந்துக்கும் உள்ள வேறுபாடு அந்த எண்ணில் கொஞ்சமும் தெரியவில்லை. மருந்தின் வேலை செய்யும் வடிவம் எது என்பதை மனிதர்தான் படித்துத் தெரிந்து உள்ளிட வேண்டும்.

விலகலை அளந்தபோது வந்த குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு முழு மாலை போனது. திரையில் படிக மருந்தும் கணினி வைத்த மருந்தும் ஒன்றன்மேல் ஒன்று கிட்டத்தட்டப் படிந்து நிற்கின்றன. நான் எழுதிய சிறு நிரலோ விலகல் 7 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் என்கிறது. கண்ணை நம்புவதா எண்ணை நம்புவதா என்று தெரியாமல், இரண்டு கோப்புகளையும் பக்கம் பக்கமாகத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். படிகக் கோப்பில் முதல் வரியில் இருந்த அணு வேறு. நான் கட்டிய மூலக்கூறில் முதல் வரியில் இருந்த அணு வேறு. ஒன்றின் ஃபுளோரினை மற்றொன்றின் நைட்ரஜனோடு ஒப்பிட்டுத் தூரம் அளந்துகொண்டிருந்தது என் நிரல். மூலக்கூறின் இணைப்பு அமைப்பைப் பார்த்து அணுக்களைத் தானே இணைசேர்த்து, சமச்சீரான வளையங்களையும் கணக்கில் கொள்ளும் கருவி ஓப்பன் பேபல் என்ற வேதியியல் நிரலோடு கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தியபோது விலகல் 1.6 ஆங்ஸ்ட்ராம் என்று வந்தது.

அந்த 1.6 ஒவ்வொரு முறையும் வரவில்லை. அட்டோர்வாஸ்டாட்டினில் தன்னிச்சையாகச் சுழலக்கூடிய பிணைப்புகள் ஒரு டஜனுக்கும் மேல். வினாவில் தேடலின் தீவிரம் இயல்பாக 8 என்று இருக்கும். அந்த அளவில், தேடல் எங்கிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் தற்போக்கான தொடக்க எண்ணை மட்டும் மாற்றி ஐந்து முறை ஓட்டினால், முதலிடத்தில் வரும் நிலை ஐந்தில் இரண்டு முறை வேறாக இருந்தது. தீவிரத்தை 32 ஆக்கிய பிறகு ஐந்து ஓட்டங்களும் ஒரே நிலையைத் தந்தன. தேடல் பெட்டி எவ்வளவு சிறியதாக இருக்க முடியுமோ அவ்வளவு நல்லது. தொடக்கத்தில் ஆர்வக்கோளாற்றில் முழுப் புரதத்தையும் பெட்டிக்குள் அடைத்தேன். பெட்டியின் கன அளவு 27,000 கன ஆங்ஸ்ட்ராமைத் தாண்டுகிறது என்று நிரலே எச்சரித்தது. பிறகு படிக மருந்தின் மையத்தைச் சுற்றிப் பக்கத்துக்கு 22 ஆங்ஸ்ட்ராம் என்று நிறுத்திக்கொண்டேன்.

சரியான நிலை கிடைத்தபின் குழிக்குள் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அமில முனை ஒருபுறம் லைசின் 692, லைசின் 735 என்ற நேர்மின்னூட்டம் கொண்ட இரண்டு பக்கச் சங்கிலிகளுக்கு நடுவே இருக்கிறது. மறுகோடியில் ஃபுளோரின் தாங்கிய வளையம் ஆர்ஜினின் 590-க்கு எதிரே வந்து நிற்கிறது. நடுவில் மருந்தின் கார்பொனைல் ஆக்சிஜனுக்குச் செரின் 565 கை நீட்டுகிறது. நொதி தன் இயல்பான மூலப்பொருளைப் பிடிக்க வைத்திருக்கும் அதே இடங்களில் மருந்தின் அமிலப் பகுதி புகுந்துகொண்டிருப்பதை நேரில் பார்த்ததும், என் தந்தை இரவில் தண்ணீரோடு விழுங்கும் அந்தச் சிறு வெள்ளை மாத்திரையின் மேல் எனக்குப் புதிய மரியாதை உண்டாயிற்று.

மதிப்பெண் மட்டும் உறுத்தியது. வினாவின் மதிப்பெண் ஒரு மோலுக்கு இத்தனை கிலோகலோரி என்று வரும்; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வலிய பிடி. இந்த நிலைக்கு அது கொடுத்தது மைனஸ் 8.4. சில நானோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவிலேயே நொதியைத் தடுக்கும் மருந்துக்கு, வெப்ப இயக்கவியல் கணக்கின்படி மைனஸ் 11-ஐ ஒட்டி இருக்க வேண்டும். காரணம் நிரலின் உள்ளமைப்பில் இருக்கிறது. வினாவின் மதிப்பெண் சூத்திரத்தில் வடிவப் பொருத்தம், மோதல், நீர்வெறுக்கும் தொடர்பு, ஹைட்ரஜன் பிணைப்பு, சுழலும் பிணைப்புகளுக்கான தண்டனை ஆகியவை உண்டு. மின்னூட்டங்களுக்கு இடையிலான ஈர்ப்பு தனியாகக் கணக்கில் இல்லை. கோப்பில் நாம் எழுதி வைக்கும் பகுதி மின்னூட்டங்களை அது பார்ப்பதே இல்லை. அமில முனைக்கும் லைசின்களுக்கும் இடையில் உள்ள உப்புப் பாலம், அதாவது எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்புதான், ஸ்டாட்டினின் பிடிமானத்தில் முக்கியமானது. அதையும் சாதாரண ஹைட்ரஜன் பிணைப்பாகவே நிரல் எண்ணுகிறது. போதாக்குறைக்கு, சுழலும் பிணைப்புகள் அதிகம் உள்ள மூலக்கூறுக்குத் தண்டனையும் அதிகம். நிலையைச் சரியாகச் சொல்லும் நிரல் வலிமையைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பது இங்கேதான் எனக்கு உறைத்தது.

கல்லீரல் புற்றுநோய் மருந்துக்கு வந்தபோது சிக்கல் வேறு விதமாக இருந்தது. சோராஃபெனிப் முதலில் ராஃப் என்ற கைனேஸ் (பிற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டை ஏற்றும் வகை) நொதியைத் தடுப்பதற்காகத் தேடிக் கண்டறியப்பட்டது என்பதால், பி-ராஃப் புரதத்தோடு தொடங்கினேன். அது சோராஃபெனிப்போடு இருக்கும் 2004-ஆம் ஆண்டு அமைப்பின் துல்லியம் 2.95 ஆங்ஸ்ட்ராம். வெமுராஃபெனிப் என்ற வேறொரு மருந்தோடு இருக்கும் 3ஓஜி7 என்ற அமைப்பின் துல்லியம் 2.45. எண் சிறியதாக இருந்தால் படம் தெளிவு என்ற அறிவோடு, தெளிவான இரண்டாவது அமைப்பை எடுத்து, வெமுராஃபெனிப்பை நீக்கிவிட்டுச் சோராஃபெனிப்பைப் பொருத்தினேன். மதிப்பெண் மைனஸ் 9-ஐத் தாண்டியது. மகிழ்ச்சியோடு படத்தைத் திறந்தால், மருந்தின் குளோரினும் மூன்று ஃபுளோரின்களும் தாங்கிய வளையம், உள்ளே போக வேண்டியது, வெளியே நீரில் தொங்கிக்கொண்டிருந்தது.

கைனேஸ்களின் வினைக்குழி ஓரத்தில் அஸ்பார்ட்டேட், ஃபீனைல்அலனின், கிளைசின் என்று அடுத்தடுத்து மூன்று அமினோ அமிலங்கள் உண்டு. டிஎஃப்ஜி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நொதி வேலை செய்யும் நிலையில் அந்த ஃபீனைல்அலனின் உள்நோக்கி மடிந்திருக்கும். அது வெளியே புரளும்போதுதான் பின்னால் இன்னொரு அறை திறக்கிறது. சோராஃபெனிப்பின் வளையம் போய் உட்காருவது அந்த அறையில். வெமுராஃபெனிப் பிடிக்கும் நிலையில் அறை மூடியே இருக்கும். வினா புரதத்தை அசையாத பாறையாகக் கருதுகிறது. மூடிய கதவைத் திறந்துபார்க்க அதற்குத் தெரியாது. மூடிய கதவின் முன்னால் மருந்தை நிறுத்திவிட்டு, அதற்கும் ஒரு நல்ல மதிப்பெண் எழுதிக்கொடுத்தது. படத்தின் தெளிவைவிடப் புரதத்தின் நிலை முக்கியம் என்று அன்று எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன்.

பி-ராஃபில் வெமுராஃபெனிப் குறிவைக்கும் பிறழ்வு கல்லீரல் புற்றுநோயில் அரிது. கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வளர வழிசெய்யும் விஇஜிஎஃப்ஆர்-2 என்ற ஏற்பியையும் சோராஃபெனிப் தடுக்கிறது. என் நோக்கத்துக்கு அதுவே பொருத்தம் என்று 4ஏஎஸ்டி என்ற அமைப்புக்கு மாறினேன். துல்லியம் 2.03 ஆங்ஸ்ட்ராம், உள்ளே இருப்பது சோராஃபெனிப்பே, அறைக் கதவும் திறந்திருக்கிறது. இங்கே முதல் ஓட்டத்திலேயே விலகல் ஓர் ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே வந்தது. மதிப்பெண் மைனஸ் 12-ஐ ஒட்டியது. மருந்தின் ஒரு முனை சிஸ்டீன் 919-ஐப் பற்றிக்கொள்ள, நடுவிலுள்ள யூரியா பகுதி ஒரு பக்கம் குளூட்டமேட் 885-ஐயும் மறுபக்கம் அஸ்பார்ட்டேட் 1046-ஐயும் பிடிக்க, வளையம் பின்னறைக்குள் முழுதாகப் புதைந்திருந்தது. சுழலும் பிணைப்புகள் ஐந்தாறு மட்டுமே இருப்பதால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே நிலை.

மைனஸ் 12, மைனஸ் 8.4 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் சோராஃபெனிப் அட்டோர்வாஸ்டாட்டினைவிடப் பன்மடங்கு வலிமையாகப் பிடிக்கிறது என்று தோன்றும். அப்படிச் சொல்லவே கூடாது. ஒன்று ஆழமான, நீர்வெறுக்கும் அறை. மற்றொன்று மின்னூட்டங்கள் நிறைந்த, மேலோட்டமான பள்ளம். ஒவ்வொரு 1.36 கிலோகலோரியும் பிணைப்பு வலிமையில் பத்து மடங்கு. இத்தகைய நிரல்களின் வழக்கமான பிழையோ இரண்டு முதல் மூன்று கிலோகலோரி. அதாவது முப்பது மடங்கிலிருந்து நூற்றைம்பது மடங்கு வரை தவறலாம். வெவ்வேறு புரதங்களின் மதிப்பெண்களை ஒப்பிட்டு அட்டவணை போடும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. நோயாளியின் வீட்டார் அவற்றையும் நம்பிக்கையோடு படிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு பெரிய ஓட்டம். 2012-இல் வெளியான டியூட்-இ என்ற தொகுப்பில் 102 புரதங்களுக்கு, வேலை செய்வதாக அறியப்பட்ட மூலக்கூறுகளும், அவற்றைப் போன்ற எடையும் இயல்பும் கொண்ட போலிகளும் தரப்பட்டிருக்கின்றன. எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸும் விஇஜிஎஃப்ஆர்-2-உம் அதில் உண்டு. ரிடக்டேஸுக்கு 20 அசல்களையும் 400 போலிகளையும் எடுத்து இரவு ஓட்டவிட்டேன். காலையில் பார்த்தால் நூற்றுச் சொச்சம் மட்டுமே முடிந்திருந்தது. செயலி 95 டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. விசிறியில் படிந்திருந்த தூசியை எடுத்து, வெப்பப் பசையைப் புதிதாகத் தடவி, எட்டில் ஆறு உட்கருக்களை மட்டும் கொடுத்தபின் அடுத்த இரவில் முடிந்தது. முதல் இருபது இடங்களில் ஐந்து அசல்கள் வந்தன. குருட்டாம்போக்கில் எடுத்தால் ஒன்று வரும். பயன் இருக்கிறது, ஆனால் பதினைந்து அசல்கள் அங்கே இல்லை. அவற்றின் இடத்தில் பெரிய, எண்ணெய்த் தன்மையுள்ள போலிகள் நிறைந்திருந்தன. மின்னூட்டத்தைப் பார்க்காத சூத்திரத்தின் குறையே மீண்டும் தலைகாட்டுகிறது. போலிகளும் ஆய்வகத்தில் சோதித்து ஒதுக்கப்பட்டவை அல்ல, வேலை செய்யாது என்று கருதப்பட்டவை மட்டுமே.

மருந்துகளின் வரலாற்றையும் இதோடு வைத்துப் பார்த்தேன். ஸ்டாட்டின்களில் முதலாவதைக் கண்டறிந்த அகிரா எண்டோ 1970-களின் தொடக்கத்தில் சுமார் 6,000 நுண்ணுயிர்களைக் கையால் சோதித்தார். லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, நொதியில் ஸ்டாட்டின் உட்கார்ந்திருக்கும் படம் யாரிடமும் இல்லை. அது வர இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அதே 2001-இல்தான், படம் வெளியான ஆறு ஸ்டாட்டின்களில் ஒன்றான செரிவாஸ்டாட்டின், தசைச் சிதைவால் நேர்ந்த மரணங்களைத் தொடர்ந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நான் செரிவாஸ்டாட்டினையும் பொருத்திப் பார்த்தேன். மற்றவை போலவே அழகாகக் குழியில் உட்கார்ந்தது. அது தசையை என்ன செய்யும் என்பது அந்தக் குழிக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை. சோராஃபெனிப்பின் பலனையும் மைனஸ் 12 சொல்லாது. 602 நோயாளிகள் பங்கேற்ற, 2008-இல் வெளியான ஆய்வு சொல்கிறது: மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 10.7 மாதம், பெறாதவர்களுடையது 7.9 மாதம். பெரியம்மாவோடு கழித்த மாதங்களை எண்ணிப் பார்க்கும்போது, அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது சிறிய தூரமாக எனக்குத் தோன்றவில்லை.

படங்களைத் தந்தையிடம் காட்டினேன். நொதியையும் உள்ளே நிற்கும் மருந்தையும் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “நிஜத்துல இது இப்படி அசையாமலாப்பா நிக்கும்?” என்று கேட்டார். நிற்காது. ஆகவே ரிடக்டேஸின் அந்த இரண்டு சங்கிலிகளையும் அட்டோர்வாஸ்டாட்டினோடு நீர்ப் பெட்டியில் மிதக்கவிட்டு, ஓப்பன்எம்எம் நிரலில், அணுக்களின் அசைவைப் படிப்படியாகக் கணக்கிடும் இயக்கக் கணக்கைத் தொடங்கியிருக்கிறேன். ஒரு படிக்கு 2 ஃபெம்டோ நொடி. ஒரு நானோ நொடிக்கு ஐந்து லட்சம் படிகள். இங்கே மின்னூட்டங்கள் கணக்கில் உண்டு. லைசின் 735-க்கும் அமில முனைக்கும் இடையிலான தூரத்தைப் பத்துப் பிகோ நொடிக்கு ஒருமுறை கோப்பில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது மூன்றாவது நானோ நொடி ஓடிக்கொண்டிருக்கிறது, பாலம் இதுவரை விடவில்லை.